பனியன் கம்பெனி சூப்பர்வைசருக்கு எதுக்குங்க 'பெர்சனல் பிராண்ட்'?

ஓவர்லாக் மலர் கேட்டது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடமாக இருக்கிறேன். கைமடியாக, அதாவது டைலருக்குக் கையாளாகச் சேர்ந்து ஓவர்லாக் மெஷின் பழகினேன். அப்புறம் பேட்லாக், அப்புறம் இரண்டு வருடம் செக்கிங் டேபிள். பொங்கல் லீவு முடிந்து வந்த அன்றைக்கு, 'இனிமே மூணாவது லைனை நீ பாரு' என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதமாக லைன் சூப்பர்வைசர். 28 மெஷின். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்.

போன சனிக்கிழமை ஓனர் பையன் எங்கள் 14 சூப்பர்வைசர்களையும் மேல்மாடி ஹாலில் உட்கார வைத்து ஒரு பயிற்சி நடத்தினார். வெளியூரில் இருந்து ஒரு சார் வந்திருந்தார். 'நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு பிராண்ட்' என்றார். உங்களைப் பற்றி மூன்று வார்த்தை எழுதுங்கள் என்று சீட்டு கொடுத்தார். வாங்கி வரிசையாகப் படித்தால் 14 சீட்டிலும் நேர்மை, உழைப்பு. மூன்றாவது வார்த்தை மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறு. நான் 'பொறுமை' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த மாதக் கடைசிக்குள் எல்லோரும் லிங்க்ட்இனில் கணக்கு ஆரம்பித்து, வாரம் ஒன்று எழுத வேண்டுமாம்.

சிரித்தது ஏன் என்று எனக்குத் தெரியும். என் லைனுக்கு ஒரு மணி நேரத்துக்கு 150 பீஸ் டார்கெட். சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்தான், எஸ்ஏஎம் (ஒரு பீஸ் முழுசாகத் தைக்க ஆகும் நிர்ணய நேரம்) 7 நிமிடம் என்று ஐஇ (நேரக் கணக்குப் போடும் இன்ஜினியர்) எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு 115, 118, மிஞ்சிப் போனால் 120. காலை மீட்டிங்கில் மேனேஜர் 'ஏம்மா குறையுது?' என்பார். 'பாத்துக்கறேன் சார்' என்பேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

பக்கத்து லைன் சூப்பர்வைசர் நாள் முழுக்கக் கத்துகிறார். போர்டில் 118 வந்தாலும் 150 என்று எழுதுவார், அடுத்த மணி நேரத்தில் ஈடு கட்டிக் கொள்ளலாம் என்று. மேனேஜர் எங்களிடம் 'அவனைப் பாத்துக் கத்துக்கங்க, அவன்தான் லீடர்' என்கிறார்.

இன்னொன்று. என்னோடு எட்டு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள் இப்போது என் லைனில் சைடு தையல் அடிக்கிறாள். டீ டைம் முடிந்து எல்லோரும் வந்து ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் வருவாள். நான் அவளை ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பார்த்து மற்றவர்களும் மெதுவாக வர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். இந்த பிராண்ட் சமாச்சாரம் என்னை மாதிரி ஆளுக்கு உதவுமா? கத்தாமல் லைன் ஓட்ட முடியுமா? அவளை என்ன செய்வது?

---

சுத்தத்தமிழன்77:

லிங்க்ட்இன் எல்லாம் ஐடிக்காரர்களுக்குங்க. நீங்க வேலையை ஒழுங்காப் பாருங்க, பேரு தானா வரும்.

---

நொய்யல்கரை:

தானாக வராதுங்க. தானாக வரும் என்று பல வருடம் காத்திருந்தவன் சொல்கிறேன். வரும், ஆனால் நமக்குப் பிடிக்காத பேராக வரும்.

நான் கட்டிங்கில் ஆரம்பித்து புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ரிட்டயர்ட் ஆனவன். சூப்பர்வைசராக இருந்தபோது ஃப்ளோரில் எனக்கு என்ன பேர் தெரியுமா? 'ஆயிரும் அண்ணன்'. ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வந்து 'வெள்ளிக்கிழமை முடியுமாண்ணா' என்று கேட்டால் 'ஆயிருங்க' என்பேன். ஓனர் கேட்டாலும் 'ஆயிரும்'. மனசார நம்பித்தான் சொல்வேன், பொய் இல்லை. ஒரு தடவை தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்பும் நாள் வந்துவிட்டது, 1,800 பீஸ் இன்னும் அயர்ன் டேபிளில் கிடக்கிறது. மிச்சத்தை ஏர்ல அனுப்பினார்கள். கடல்வழி ரேட்டுக்குக் கணக்குப் போட்ட ஆர்டரை ஏர்ல அனுப்பினால் அதில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது. ஓனர் என்னைத் திட்டவில்லை. 'உன்ட்ட கேட்டது என் தப்பு' என்று மட்டும் சொன்னார். இன்னமும் அது காதில் இருக்கிறது.

அம்மிணி, உங்களுக்கு பிராண்ட் இல்லை என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 'பாத்துக்கறேன் சார்' தான் அது. ஹாலில் சிரித்தவன் அதை நினைத்துத்தான் சிரித்திருப்பான்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்று. யார் கேட்டாலும் எண்ணிக்கையும் நேரமும் சொல்ல ஆரம்பித்தேன். 'சாயங்காலம் ஆறு மணிக்கு 840 பீஸ் தருவேன். 900 கேட்டீங்க, 900 ஆகாது.' முதல் வாரம் முழுக்க வசவு. மூன்று மாதம் கழித்து மெர்ச்சண்டைசர்கள் பையருக்குத் தேதி கொடுப்பதற்கு முன்னால் எனக்கு போன் போட ஆரம்பித்தார்கள். சம்பளம் அந்த வருடம் ஏறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் ஏறியது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 28 பேர், 60 நிமிடம், மொத்தம் 1,680 நிமிடம். 118 பீஸை 7-ஆல் பெருக்கினால் 826. அந்த 1,680-ல் இது கிட்டத்தட்ட 49 சதவீதம். 150 என்றால் 62.5 சதவீதம். ஒரே நாளில் 49-ல் இருந்து 62-க்கு யாராலும் தாவ முடியாது, உங்கள் மேனேஜருக்கும் அது தெரியும். நாளைக்குக் காலையில் 'பாத்துக்கறேன்' வேண்டாம். 'நேத்து எட்டு மணி நேரத்துல 944 பீஸ் சார், 49 பர்சன்ட். இன்ன இடத்துல தேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள மணிக்கு 130 கொண்டாறேன்' என்று சொல்லுங்கள். அந்த 'இன்ன இடம்' எது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நீங்கள் மெனக்கெட வேண்டும். எந்த மெஷினுக்கு முன்னால் பண்டல் குவிகிறதோ, அங்கே போன் ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நில்லுங்கள். ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், 'உன்னைப் புடிக்க வரல, உனக்கு எது தடங்கல்னு பாக்க வந்தேன்' என்று. சொல்லாமல் வாட்ச்சோடு நின்றால் கை தானாக மெதுவாகிவிடும்.

பக்கத்து லைன்காரரைப் பற்றி: காட்டிக் கொடுக்க வேண்டாம். தைத்து வந்த பீஸை பேக்கிங்கில் எண்ணத்தானே போகிறார்கள்? உங்கள் போர்டும் பேக்கிங் எண்ணிக்கையும் தினமும் ஒத்துப் போனால் போதும். ஒரு நாள் யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

கத்துவது பற்றி ஒன்று. டொயோட்டா தொழிற்சாலையில் லைன் ஓரமாக ஒரு கயிறு இருக்கும். வேலை செய்கிறவர் சிக்கல் வந்தால் அதை இழுப்பார், டீம் லீடர் உடனே அந்த இடத்துக்கு வர வேண்டும். நேரத்துக்குள் தீராவிட்டால் லைனே நிற்கும். நம் ஊரில் கயிறு கிடையாது, கையைத்தான் தூக்குவார்கள். உங்கள் லைனில் ஒருவர் கை தூக்கினால் எத்தனை நிமிடத்தில் அங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். கத்துகிற ஆளுக்கு அது தெரியவே தெரியாது, அவர் சத்தத்தில் யாரும் கையே தூக்க மாட்டார்கள்.

உங்கள் சிநேகிதியிடம் ஃப்ளோரில் வைத்துப் பேசாதீர்கள். வீட்டுக்குப் போங்கள், இல்லை பஸ் ஸ்டாப்பில். 'உள்ள நான் சொன்னா எதுத்துப் பேசாத, வெளிய வந்து எவ்வளவு வேணா திட்டு' என்று நேராகச் சொல்லுங்கள். கொஞ்சம் கோபித்துக் கொள்வாள். அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

---

பவர்டேபிள்:

நான் டைலர். எங்களிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் நாங்கள் முதல் வாரத்திலேயே பேர் வைத்துவிடுவோம். ஒருத்தர் 'மைக் செட்டு'. ஒருத்தர் 'சிசிடிவி', பின்னாலேயே நிற்பார், ஒன்றும் பேச மாட்டார். நாங்கள் பேரே வைக்காதது ஒரு அக்காவுக்குத்தான்.

ஊசி உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். துண்டு முழுக்கக் கிடைத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு நாள் எனக்கு மாலை ஏழு மணிக்கு உடைந்தது. முனை கிடைக்கவில்லை. 'தேடு, தேடு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். அந்த அக்கா கையில் காந்தத்தோடு என் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. கழிவுத்துணிக்குள் கிடந்த துண்டை எடுத்து, தானே நோட்டில் ஒட்டி, ஊசியையும் வாங்கி வந்து கொடுத்தது. அன்றைக்கு இழந்த பீஸை நாங்கள் யாரும் சொல்லாமலே எட்டரைக்குள் அடித்து முடித்தோம்.

தையல் தப்பாகித் திரும்பி வரும் ஆல்டர் பீஸை அந்த அக்கா டேபிளில் விசிறி அடிக்காது. மடித்துக் கொண்டு வந்து, அந்தத் தையலை மட்டும் விரித்துக் காட்டும், பக்கத்து மெஷினுக்குக்கூடத் தெரியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிசு சனிக்கிழமைச் சம்பளம். ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளுக்கு ஒரு ஷிப்ட் மட்டும் ஏறியிருக்கும். நாம் ஆபீசுக்குப் போய் நின்றால் 'அடுத்த வாரம் பாக்கலாம்' என்பார்கள். அந்த அக்கா வெள்ளிக்கிழமையே நோட்டைக் கொண்டு வந்து ஒவ்வொருவரிடமும் சரி பார்க்கும். ஒடிசாப் பையன்களுக்குக் கணக்கை விரலால் எண்ணிக் காட்டும்.

ஒன்று மட்டும் வேண்டாம். ஆள் வராத மெஷினில் நாள் முழுக்க நீங்களே உட்காராதீர்கள். எங்கள் லைனில் ஒருத்தர் அப்படித்தான், நல்ல மனுஷன். ஆனால் நூல் தீர்ந்தாலும் லேபிள் தீர்ந்தாலும் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

---

பையர்மெயில்:

மெர்ச்சண்டைசர் பக்கத்தில் இருந்து, லிங்க்ட்இன் பற்றி மட்டும் சொல்கிறேன். நொய்யல்கரை அண்ணா சொன்னது முதலில், இது அப்புறம்.

'உன்னையே ஒரு பிராண்டாக நினை' என்கிற பேச்சு 1997-ல் டாம் பீட்டர்ஸ் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இருந்து பரவியது. மேசை வேலைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. லைனில் நிற்பவர்களுக்கு அதை அப்படியே பொருத்தினால் 14 சீட்டில் 'நேர்மை' தான் வரும். அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீசில் போன வருடம் ஃப்ளோர் இன்சார்ஜ் தேடியபோது நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான். தேடினால் கிடைப்பவர்களில் முக்கால்வாசி ஆண்கள். பெண் சூப்பர்வைசர்கள் இத்தனை பேர் இருந்தும் தேடலில் வருவதில்லை, ஏனென்றால் அங்கே அவர்கள் பெயரே இல்லை.

வாரம் ஒரு தத்துவம் எழுத வேண்டாம். தலைப்பில் 'நிட்வேர் லைன் சூப்பர்வைசர், 11 வருட அனுபவம், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங்' என்று இருந்தால் போதும். எழுதுவதானால் நடந்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு, 3,000 பீஸ் லாட்டில் பையர் க்யூசி (தரம் பார்ப்பவர்) ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5-ல் பார்த்தால் 125 பீஸ் எடுப்பார், பெரிய குறை 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். உங்கள் லைன் லாட் இரண்டு குறையோடு முதல் தடவையிலேயே பாஸ் ஆனது என்றால், அந்த ஒரு வரி பத்து 'உழைப்பே உயர்வு'க்குச் சமம். இரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவருக்கு இது புரியும். 'நான்' என்று எழுதாதீர்கள், 'எங்கள் மூணாவது லைன்' என்று எழுதுங்கள், அதுதான் உண்மையும்கூட.

கவனம்: ஓடுகிற ஸ்டைலின் போட்டோவைப் போட்டுவிடாதீர்கள். கடைக்கு வராத டிசைன், பையர் லேபிள், டேக் எதுவுமே கூடாது. லைனுக்கு முன்னால் நின்று எடுத்த செல்ஃபியில் பின்னாடி பிரிண்ட் தெரிந்ததால் ஆர்டரே ஆட்டம் கண்ட கதை எனக்குத் தெரியும்.

---

ஓவர்லாக் மலர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷிப்மெண்ட் நேரம்.

தேங்குகிற இடம் நெக் ரிப், அதாவது கழுத்துப் பட்டை தைக்கிற இடம். இரண்டு மெஷின் ரிப் அடிக்கிறது, இரண்டுக்கு முன்னாலும் எப்போதும் பண்டல் மலை. நான் இத்தனை நாளும் அந்த இரண்டு பேரும் மெதுவு என்றுதான் நினைத்தேன். வாட்ச் வைத்துப் பார்த்தால் ஒரு பீஸுக்கு 61 நொடி. அதில் தைக்கிற நேரம் கொஞ்சம்தான். மிச்சம் என்ன என்று பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போனது. பாடி பண்டலில் நம்பர் ஸ்டிக்கர் இருக்கிறது. ரிப் மட்டும் ஒரே மூட்டையாக, நம்பர் இல்லாமல் கட்டிங்கில் இருந்து வருகிறது. ஷேடு மாறிவிடுமே என்று அந்தப் பொண்ணு ஒவ்வொரு ரிப்பையும் எடுத்து, பாடியோடு சேர்த்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒத்து வராவிட்டால் கீழே வைத்து வேறு எடுக்கிறாள். பீஸுக்குப் பத்து நொடி அதிலேயே போகிறது. ஒன்றரை வருடமாக அவள் இதைச் செய்கிறாள், யாரும் கேட்டதில்லை. கேட்டபோது, 'ஷேடு மாறினா என்னைத்தானே திட்டுவீங்க தீதி' என்றாள். ஆமாம், செக்கிங்கில் இருந்தபோது நானே இரண்டு தடவை திட்டியிருக்கிறேன்.

ஒரு கைமடியை அங்கே உட்கார வைத்து, ஷேடு பார்த்து முன்கூட்டியே ஜோடி சேர்த்து வைக்கச் சொன்னேன். பீஸுக்கு 50 நொடிக்கு வந்துவிட்டது. இரண்டு மெஷினுக்கும் சேர்த்து மணிக்கு 144 வர வேண்டும். ஆனால் லைனில் வந்தது 132. இப்போது பண்டல் மலை பாட்டம் மடிக்கும் பேட்லாக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. மீட்டிங்கில் '130 சொன்னேன், 132 வந்துருக்கு சார்' என்றேன். மேனேஜர் பாராட்டவெல்லாம் இல்லை. 'பேட்லாக்குக்கு என்ன பண்ணப் போற?' என்றார். முன்பெல்லாம் என்னிடம் 'ஏன்' என்று மட்டும்தான் கேட்பார்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் நோட்டைக் கொண்டு போய்க் காட்ட ஆரம்பித்தேன். முதல் வாரமே மூன்று பேருக்கு அரை ஷிப்ட் விட்டுப் போயிருந்தது. நன்றி பவர்டேபிள் அண்ணா.

அவள் வீட்டுக்கும் போனேன். காபி போட்டுக் கொடுத்தாள், நான் சொன்னதை எல்லாம் கேட்டாள், 'சரிங்க சூப்பர்வைசரம்மா' என்றாள். அந்த 'ங்க' எனக்கு நெஞ்சில் தைத்தது. டீ டைம் முடிந்து இப்போது சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் வேறு டேபிளில் உட்காருகிறாள்.

லிங்க்ட்இன் கணக்கு அக்கா பையன் ஆரம்பித்துக் கொடுத்தான். ரிப் விஷயத்தை அஞ்சு வரியில் எழுதிப் போட்டேன், போட்டோ இல்லாமல். 11 பேர் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒருவர் எங்கள் ஓனர் பையன்.

ஒரு சந்தேகம் மட்டும். ரிப்புக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் எனக்கு அந்தக் கைமடி மிச்சமாகும். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன், 'அதெல்லாம் பழக்கம் இல்லம்மா' என்று முகத்தைத் திருப்பிக் கொண்டார். மேனேஜரிடம் போகலாமா?

---

நொய்யல்கரை:

போகாதீங்க அம்மிணி. மேனேஜர் சொல்லி ஒட்டினால் ஒரு வாரம் ஒட்டுவார், அப்புறம் ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்பார். நான் கட்டிங்கில் இருந்து வந்தவன், எனக்குத் தெரியும். அவரை ஒரு நாள் பத்தரை டீக்கு உங்கள் லைனுக்குக் கூப்பிடுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த ரிப் பொண்ணு டியூப்லைட்டுக்குத் தூக்கிப் பார்ப்பதை ஒரு பத்து பீஸ் மட்டும் பார்க்கட்டும். அன்றைக்குக் கைமடியை வேறு இடத்தில் உட்கார வைத்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்.